எங்கள் சமையலறையில் ஓடிய ரயில்

நான் ஜப்பானுக்குப் போனதே இல்லை. போகிற எண்ணமும் இப்போது இல்லை. யாரையாவது ஏற்றிவிட ஹீத்ரோவுக்குப் போய் வருவதற்கே உடம்பு அலுத்துப்போகிறது. ஆனால் ஒன்பது வருடங்களாக அந்த நாட்டின் மலையோரத்தில் ஓடிய ஒரு சின்ன ரயிலில் என் குரல் தினமும் பேசிக்கொண்டிருந்தது. இதை வெளியில் சொன்னால், மனுசனுக்கு ஷிப்ட் அடித்து அடித்து மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அந்தப் பயத்தில் இதுவரை அதிகம் பேருக்குச் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். முதலில் பெட்ரோல் ஸ்டேஷன், பிறகு ஒரு கோழிக்கடை, பிறகு ஹவுன்ஸ்லோ பக்கத்தில் பெட்டி தூக்கும் வேலை. கடைசியில் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் இடம் கிடைத்தது. டிக்கட் பார்ப்பது, பிளாட்பாரத்தில் நிற்பது, வழி கேட்பவர்களுக்கு வழி சொல்வது, ரயில் பிந்தினால் மைக்கில் அறிவிப்பது. இதில் கடைசி வேலைதான் எனக்குப் பிடித்தது. ஊரில் எனக்கு 'இங்கிலிஷ்காரன்' என்று ஒரு பட்டம் இருந்தது. எந்தக் கூட்டம் என்றாலும் ஆங்கிலத்தில் நாலு வசனம் பேசுவதற்கு என்னைத்தான் பிடித்து மேடையில் ஏற்றுவார்கள். அந்த நினைப்பிலேயே மைக்கை எடுப்பேன். தொண்டையைச் செருமி, நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரிப்பேன். ரயில் பிந்தியதற்கு நான் கேட்ட மன்னிப்பில் ஒரு கம்பீரம் இருந்தது என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஒரு பயணி கடிதம் எழுதிவிட்டார். மைக்கில் பேசுகிறவர் சொல்வதில் ஒரு சொல்லும் தனக்கு விளங்கவில்லை என்றும், அது எந்த மொழி என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தாராம். எனக்கு மேலே இருந்தவர் நல்ல மனுசன். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் எனக்குத் தேநீர் போட்டுத் தந்து, என் வேலையில் ஒரு குறையும் இல்லை, மைக்கை மட்டும் இனி மற்றவர்களிடம் விட்டுவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் அது நாளடைவில் அலுப்பாக மாறிவிட்டது. வேலையிடத்தில் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். வழி கேட்டவர்களுக்குக் கையால் காட்டினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். லண்டனில் நான் வாயை மூடிக்கொண்டு பிழைத்தேன்.

அந்த நாட்களில் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தோம். வழக்கமாக எங்கள் ஊர்ப் பெடியன்கள் யாராவது இருப்பார்கள். ஒரு பெடியன் கனடாவுக்குப் போய்விட, அறை காலியானது. மனைவி பக்கத்துக் கடையின் கண்ணாடியில் ஒரு அட்டை எழுதி ஒட்டினாள். இரண்டு நாள் கழித்து, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஜப்பான்காரர் அந்த அட்டையையே கழற்றிக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலில் நின்றார். இடுப்பை வளைத்து வணங்கினார். பிறகு யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி, மூக்கு வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மனைவிக்கு அது போதுமாக இருந்தது.

"சொல்லாமலே சப்பாத்தைக் கழட்டின மனுசன். இவருக்கே குடுப்பம்," என்று என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். அறையில் கட்டில் சரியா, ஹீட்டர் வேலை செய்கிறதா என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் காட்டவில்லை.

அன்று மாலை அவர் கீழே இறங்கி வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். மலையடிவாரத்தில், தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டே பெட்டிகள் கொண்ட ஒரு ரயில். முன்கண்ணாடிக்குப் பின்னால் தொப்பி போட்டு நின்றவர் அவர்தான். "என் ரயில்," என்றார். நான் கதவுக்குப் பின்னால் தொங்கிய என் யூனிபோர்மைக் காட்டினேன். மனுசன் எழுந்து நின்று அதற்கும் ஒரு வணக்கம் வைத்தார். என் யூனிபோர்முக்கு லண்டனில் கிடைத்த முதல் மரியாதை அது. கடைசியும் அதுதான்.

அவருடைய ரயில்வே ஒரு சின்னத் தனியார் கம்பனி. முப்பது பேர்தான் வேலை. ஒரு நகரத்தில் தொடங்கி, ஆற்றோரமாகவே ஏறி, மலைக்குள் வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் ஓரிடத்தில் முடியும் ஒற்றைப் பாதை. பதினான்கு நிறுத்தங்கள். காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கியடித்து நிற்பார்கள். சனி ஞாயிறில் வெந்நீரில் குளிக்கவும், வசந்தத்தில் பூப் பார்க்கவும், இலையுதிர் காலத்தில் சிவந்த இலைகள் பார்க்கவும் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். அவர் ரயில் ஓட்டுவார். ஓட்டாத நாளில் தண்டவாளத்துக்கு நடுவில் புல் பிடுங்குவார், பயணிகள் உட்காரும் வாங்குகளுக்குப் பெயின்ட் அடிப்பார், கடைசி நிறுத்தத்துக் கடையில் ஊறுகாயும் விற்பார். எங்கள் நிலையத்தில் ஒரு பல்ப் மாற்றுவதற்கே மூன்று பேரின் கையெழுத்து வேண்டும் என்று நான் சொன்னபோது, அவர் அதை ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டு வியந்தார்.

அவர் லண்டனுக்கு வந்த கதை இது. ஒருநாள் வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் அறிவிப்பு விளங்காமல் பிழையான நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். ஆள் இல்லாத நிறுத்தம். மழையில் மூன்று மணித்தியாலம் அடுத்த ரயிலுக்காகக் குந்தியிருந்தார்களாம். கம்பனித் தலைவருக்கு, அவர் தோடம்பழத் தோட்டக்காரர், அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. ஆங்கிலத்தில் அறிவிக்க வேண்டும், அதற்கு ஒருவரை இங்கிலாந்துக்கே அனுப்பிப் படிப்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். யாரை அனுப்புவது? முப்பது பேரின் பழைய பள்ளிக்கூட மார்க்குகளையும் பார்த்ததில், இருபது வருடத்துக்கு முன்னால் ஆங்கிலத்தில் அதிகம் எடுத்தவர் இவராம். பிள்ளைகளின் தொகை வருடா வருடம் குறைகிறது, வெளியாட்கள் வராவிட்டால் பாதையை மூட வேண்டி வரும் என்றும் எங்கள் ஜப்பான்காரர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டை விட்டுப் புறப்படும் முன் காஸ் அடுப்பை விரலால் சுட்டிக்காட்டிச் சத்தமாக ஏதோ சொல்வார். பிறகு தண்ணீர்க் குழாயைக் காட்டி. பிறகு யன்னலை. ரயில் ஓட்டிகள் சிக்னலைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாதாம்; கையால் காட்டி வாயாலும் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் அலுப்பில் பிழை விடாமல் இருக்கலாம் என்றார். எங்கள் நாலு வயது மகள் அவருக்குப் பின்னாலேயே நடந்து எல்லாவற்றையும் சுட்டிக்காட்டினாள். கொஞ்ச நாளில் மனைவியும் அடுப்பைச் சுட்டிக்காட்டத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது, ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் பருப்பு ஒரு தடவையும் அடிப்பிடிக்கவில்லை.

தினமும் காலையில் நகருக்குள் ஆங்கில வகுப்புக்குப் போவார். கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வருவார். வாயில்தான் ஒன்றும் வராது. ஆசிரியை ஒரு வசனம் சொல்லி முடிப்பதற்குள் தான் முதல் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இரவுச் சாப்பாட்டு மேசையில் என்னோடு மட்டும் மெதுவாகக் கதைப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அறிவிப்புகளைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பது எங்களுக்குக் கேட்கும். ஒரே வசனம், நாற்பது தடவை. பாதியில் நின்றுவிடும். பிறகு திரும்பத் தொடங்கும். மார்ச்சில் அவர் நாடு திரும்ப வேண்டும். டிசம்பரில் நத்தார் வந்து போன பிறகும் அந்த வசனம் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஜனவரியில் ஒரு மாலை, ஏர்லி ஷிப்ட் முடித்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் விழுந்து கிடந்தேன். அவர் எதிரில் வந்து நின்று, தன்னால் இயலவில்லை என்றார். அறிவிப்புகளை நான் பேசி ஒரு கசெட்டில் பதிந்து தர முடியுமா என்று கேட்டார். காசு கொடுத்தால் நல்ல வெள்ளைக்காரக் குரலாகப் பிடிக்கலாம் என்றேன். அவர் அசையாமல் நின்றார். வேறு வழியில்லாமல் மைக் பறிபோன கதையைச் சொன்னேன். அந்தப் பயணியின் கடிதம், தேநீர், எல்லாம். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்து சொன்னேன். என் குரலைப் போட்டால் வருகிற நாலு சுற்றுலாக்காரரும் ஓடிவிடுவார்கள், உங்கள் ரயிலை நானே மூடியதாக இருக்கும் என்றேன். அடுப்படியில் மனைவி அகப்பையோடு திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொற்களைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"இந்த ஊரில் எனக்கு விளங்குகிற ஆங்கிலம் உங்களுடையது மட்டும்தான்," என்றார். "எங்கள் ரயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கொரியாக்காரர், தாய்லாந்துக்காரர், ஜெர்மன்காரர். அவர்களும் என்னைப்போலத்தான்."

இன்னொன்றும் சொன்னார். தன் பதினான்கு நிறுத்தங்களின் பெயர்களையும் வகுப்பில் யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லையாம். ஆசிரியையே கடித்துத் துப்பினாராம். எனக்கோ அவை முதல் நாளே நாக்கில் உட்கார்ந்துவிட்டன. நெடிலும் குறிலும் நமக்குப் பழகியவைதானே. நான் அவற்றைச் சொல்லும்போது தன் வீட்டாள் சொல்வதுபோல இருக்கிறது என்றார். அவர் மேலே போன பிறகு மனைவி அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நாளும் எனக்கு ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டாள். பிறகு பதிலுக்குக் காத்திராமல், "உங்களுக்குக் கதைக்க விருப்பம் எண்டு எனக்குத் தெரியும். அந்த மனுசனுக்குக் கதைச்சுக் குடுங்கோ," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பதிந்தோம். யன்னலில் குயில்ட் போர்வையைத் தொங்கவிட்டோம். தொலைபேசியைக் கழற்றி வைத்தோம். மனைவிக்கு ஒரே ஒரு கட்டளை, ஒரு மணித்தியாலத்துக்குக் கடுகு தாளிக்கக் கூடாது. மகளுக்குத் தின்ன ஒரு இனிப்புப் பணிசைக் கொடுத்து மேசைக்குக் கீழே இருத்தி, சத்தம் போட்டால் ரயில் நின்றுவிடும் என்று சொல்லி வைத்தோம். அவர் மேலே போய் வெள்ளைக் கையுறைகள் போட்டுக்கொண்டு வந்தார். ரயில் ஓட்டும் கையுறைகள். இங்கிலாந்துக்கு ஆங்கிலம் படிக்க வந்த மனுசன் அவற்றை ஏன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை.

அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதியலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் அப்படி இல்லை. யன்னலைப் பார்த்துக் கதிரையைப் போட்டார். மேசையில் இடதுபக்கம் வேகப்பிடியாக உப்புப் போத்தலையும் வலதுபக்கம் பிரேக்காக அகப்பையையும் வைத்துக் கைகளை அவற்றின் மேல் வைத்தார். ரெக்கோடரின் சிவப்புப் பொத்தானைச் சுட்டிக்காட்டித் தன் மொழியில் உரக்கச் சொன்னார். அழுத்தினார். கண்ணை மூடினார். பிறகு நகரத்திலிருந்து மலைவரை ஐம்பது நிமிட ஓட்டத்தையும் எங்கள் சமையலறையிலிருந்தே ஓட்டினார்.

அவர் தலையசைத்தால் நான் பேச வேண்டும். அடுத்த நிறுத்தம் இன்னது, கதவு இடதுபக்கம் திறக்கும், உங்கள் பொருட்களை மறவாதீர்கள். நடுவில் மௌனம். வளைவுகளில் அவர் உடம்பு மெல்லச் சாய்ந்தது. பாலம் வந்தபோது உப்புப் போத்தலைப் பின்னுக்கு இழுத்தார். சுரங்கத்துக்குள் நுழைந்தபோது மூடிய கண்ணை இன்னும் இறுக்கி மூடினார். முதல் இரண்டு நிறுத்தங்களுக்கு என் குரல் நடுங்கியது. மூன்றாவதில் அந்தப் பயணியின் கடிதம் மறந்துபோனது. ஐந்தாவதில் எனக்குப் பாதையோரத்து ஆறு கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. சத்தியமாகத் தெரிந்தது. ஒன்பதாவது நிறுத்தத்தில் நான் பேசி முடித்த பிறகும் அவர் அகப்பையைத் தொடாமல் அரை நிமிடம் சும்மா இருந்தார், முகத்தில் ஒரு சிரிப்பு. பிறகு கேட்டபோது சொன்னார், அந்த நிறுத்தத்தில் தினமும் ஒரு பிள்ளை பிந்தித்தான் ஓடிவரும், அதற்காக நிற்பாராம்.

பதினான்காவது நிறுத்தம் வந்தது. இதுவே கடைசி நிறுத்தம் என்று அறிவித்தேன். தாளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கண் மூடியபடியே இன்னொரு தடவை தலையசைத்தார். ஏதோ மிச்சம் இருக்கிறது, சும்மா இறக்கிவிடக் கூடாது என்பதுபோல. நான் யோசிக்கவில்லை. "தாங்க் யூ," என்றேன். "பிளீஸ் கோ அண்ட் கம்." அது தானாகவே வாயிலிருந்து வந்தது. அவர் அகப்பையிலிருந்து கையை எடுத்து, கையுறைகளைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். மனைவி உடனே கடுகைப் போட்டாள். மகள் மேசைக்குக் கீழே தூங்கிப் போயிருந்தாள்.

மார்ச்சில் அவர் போனார். வாசலில் நின்று வீட்டுக்கே ஒரு வணக்கம் வைத்தார். மனைவி "போட்டு வாங்கோ" என்றாள். அவர் போன பிறகு அறைக்கு இன்னொரு பெடியன் வந்தான், அவன் ஒருநாளும் அடுப்பை நிறுத்தியதில்லை.

அந்த வருடம் கோடைகாலத்தில், ஷிப்ட் முடிந்து புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரச் சகஊழியனைப் பார்த்து, அலுப்பில் கவனமில்லாமல் "கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டேன். எங்கே போய் எங்கே வருவது என்று அவன் நின்று கேட்டான். அது ஒரு வாரத்துக்கு எல்லோருக்கும் பகிடியாகிப் போனது. நம்மவர்கள் யாரும் வீட்டை விட்டுப் புறப்படும்போது "போறன்" என்று சொல்வதில்லை. போட்டு வாறன், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லாமல் புறப்படுவது செத்த வீட்டிலிருந்துதான். சின்ன வயதிலிருந்தே அடித்துப் பழக்கியது அது. ஆங்கிலம் பேசினாலும் என் நாக்கு யாரையும் திரும்பி வரச் சொல்லாமல் அனுப்பாது போலிருக்கிறது. சகஊழியர்கள் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்றாம் நாள் ரயிலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் கசெட் நினைவு வந்து குப்பென்று வியர்த்தது.

அன்றே கடிதம் எழுதினேன். கடைசி வசனம் பிழை, அதை வெட்டிவிடுங்கள், அல்லது நான் புதிதாகப் பதிந்து அனுப்புகிறேன் என்று. புது வருடத்துக்கு ஒரு அட்டை வந்தது. பனியில் நிற்கும் ரயிலின் படம். பின்னால் பெரிய எழுத்தில், நான் நலம், ரயில் நலம், உங்கள் குரல் நலம். பிழையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுபடி எழுதினேன். மறுபடியும் அட்டை, வேறு படம், அதே மூன்று நலம். மரியாதைக்காகச் சொல்லாமல் விடுகிறார் என்று நினைத்தேன். இலவசமாகச் செய்துகொடுத்தவனிடம் குறை சொல்ல மனம் வராமல் இருக்கும். தேநீர் போட்டுத் தந்த என் மேலதிகாரியைப்போல இவரும் நல்ல மனுசன்தானே.

தொண்ணூறுகளில் வருடா வருடம் வந்த அந்த அட்டைகளின் படங்களில் ரயில் சிறுத்துக்கொண்டே வந்தது. இரண்டு பெட்டி ஒரு பெட்டியாயிற்று. அந்த நாட்டில் வியாபாரம் படுத்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். ஒரு வருட அட்டையில் மத்தியான ரயில்களை நிறுத்திவிட்டதாக இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குடைச்சல். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும், தூரத்திலிருந்து காசு செலவழித்து வந்தவர்களின் காதில் என் பிழையான வசனம் விழுகிறது. அவர்கள் சிரிப்பார்கள். ஊருக்குப் போய் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இதை மனைவியிடம் சொன்னேன்.

"ஒரு வசனத்தாலயோ ஒரு ரயில் நிக்கப்போகுது? உங்களுக்கு அலுப்பு. போய்ப் படுங்கோ," என்றாள்.

எனக்கு அலுப்புத்தான். அதில் பொய் இல்லை. பத்து வருடமாக ஏர்லி, லேட், ஏர்லி என்று மாறி மாறி நின்றதில் கால் நரம்பு புடைத்துவிட்டது. எங்கள் நிலையத்திலும் மைக்கை எடுத்துவிட்டு, எங்கோ பதிந்த ஒரு பெண்குரலை மெஷினில் போட்டார்கள். மைக் வைத்திருந்த மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டிலும் என் குரலுக்கு மரியாதை குறைந்துகொண்டு வந்தது. மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதிலிருந்து நான் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னால் அதைத் திருத்துவாள். முதலில் பகிடியாகத்தான் இருந்தது. பதின்மூன்று வயதில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போகும் வழியில், பஸ்ஸில், யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பா, யூ டோன்ட் ஹாவ் டு டோக், ஓகே? நான் எல்லாம் சொல்லுவன்."

அவள் கெட்ட பிள்ளை இல்லை. அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பயணியின் கடிதம் சுட்டதைவிட இது சுட்டது. ஐந்து ஆசிரியர்களின் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் அவள் எனக்குச் சிப்ஸ் வாங்கித் தந்தாள்.

அடுத்த ஏப்ரலில் ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு பொதி ஊறுகாய், ஒரு கசெட், மூன்று பக்கக் கடிதம். கடிதத்தை அவருடைய மருமகள் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மாமா சொல்லச் சொல்ல எழுதுவதாகத் தொடங்கியிருந்தாள். மார்ச் முடிவோடு பாதையை மூடிவிட்டார்களாம். இனி பஸ்தான். அதை வாசித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். நான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தை வாசிக்கத் துணிவு வந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் ஒருபோதும் அதிகம் வரவில்லையாம். தலைவர் நினைத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் கசெட்டை உண்மையில் கேட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான், காலையிலும் மாலையிலும், ஒன்பது வருடமாக என்று எழுதியிருந்தாள். மாமாவுக்கு உங்கள் பழைய கடிதங்கள் விளங்கவில்லை, ஏதோ பிழை என்கிறீர்கள் என்பது மட்டும் தெரிந்தது, எது என்று தெரியாததால் அதற்குப் பதில் எழுதவில்லை, இப்போது நான் வாசித்துச் சொன்னபோது சிரித்துவிட்டார் என்றும் இருந்தது. அவர்கள் நாட்டிலும் வீட்டிலிருந்து புறப்படுகிறவரைப் பார்த்துப் போய் வா என்றுதான் சொல்வார்களாம். ஆங்கிலத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று முப்பது பேரும் நம்பிவிட்டார்கள். பிள்ளைகள் பரீட்சையில் அதையே எழுதிவைக்க, ஆங்கில ஆசிரியர் ஒருமுறை கம்பனிக்கு நேரில் வந்து முறையிட்டாராம். தலைவர் அவருக்குத் தோடம்பழம் கொடுத்து அனுப்பினாராம், கசெட்டை மாற்றவில்லை. கடைசி ஓட்டத்தை மாமாதான் ஓட்டினார், அதன் கடைசி நிமிடங்களைப் பதிந்து அனுப்பியிருக்கிறோம் என்று கடிதம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய ரெக்கோடரைத் தேடி எடுத்துக் கசெட்டைப் போட்டேன். முதலில் சக்கரச் சத்தம். பிறகு என் குரல், தேய்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல, இதுவே கடைசி நிறுத்தம் என்றது. பிறகு ஒரு சொடக்கு. அவர் மெஷினை நிறுத்திவிட்டார். ஒரு கணம் ஒன்றும் இல்லை. அதன்பின் பெட்டி நிறையப் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்.

"தாங்க் யூ. பிளீஸ் கோ அண்ட் கம்."

அது ஜப்பான்காரர் பேசும் ஆங்கிலம் இல்லை. இங்கிலிஷ்காரர் பேசுவதும் இல்லை. 'தாங்க்'கில் நாக்கைப் பல்லில் முட்டி, ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆனால் இறங்குகிற காலடிச் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

மகளின் பேனை நின்றிருந்தது.

"அப்பா," என்றாள். "வை டு தே ஓல் சவுண்ட் லைக் யூ?"

சொன்னேன். உப்புப் போத்தல், அகப்பை, வெள்ளைக் கையுறை எல்லாம். மைக்கைப் பறித்ததையும் சொன்னேன். நீ இந்த மேசைக்குக் கீழேதான் பணிஸ் தின்றுகொண்டிருந்தாய் என்றேன். அவளுக்கு அது நினைவில்லை. மேசைக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு கசெட்டைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி போட்டாள். அதன் பிறகும் ஒருமுறை போட்டாள். மனைவி ஊறுகாயைத் தின்று பார்த்து, உப்புக் காணாது என்றாள்.

அன்று எனக்கு லேட் ஷிப்ட். சாப்பிட்டுவிட்டு யூனிபோர்மைப் போட்டு, காஸைச் சுட்டிக்காட்டி நிறுத்தியிருக்கிறதா என்று பார்த்து, வழக்கம்போல வாசலில் நின்று, "போட்டு வாறன்" என்றேன். வழக்கமாக மகள் தலை நிமிராமல் 'பை' என்பாள். அன்று எழுந்து வாசல்வரை வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, என் குரலில், என் நாக்கில், ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொன்னாள்.

"பிளீஸ் கோ அண்ட் கம்."

பகிடி பண்ணுகிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.